41 சென்டிமீட்டர் மழை, மாசியிலேயே தண்ணீர் வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்துத் தண்ணீர் பற்றி உங்கள் நாளிதழில் எப்போது செய்தி வந்தாலும் அது எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவரும் செய்தியாகவே இருக்கிறது. காவிரியிலிருந்து குழாய், வைகையிலிருந்து திறப்பு, கடலிலிருந்து சுத்திகரிப்பு. இவையெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், காவிரிக் குழாய் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கொஞ்சமாவது இடுப்பு நிமிர்ந்தது. ஆனால் வந்த தண்ணீரையும் பெய்த தண்ணீரையும் எங்கே வைப்பது, எந்தத் தண்ணீரை எதற்குச் செலவழிப்பது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மழை பெய்கிற விதமே மாறிவிட்ட இந்தக் காலத்தில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் மண்டபம் பக்கம் மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எந்தத் தெருவில் நிலத்தடித் தண்ணீர் உப்பாகிறது என்பது ஆபீசுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், அந்தத் தெரு மோட்டார்கள்தான் கடைக்கு அடிக்கடி வர ஆரம்பிக்கும். தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் அரித்துப்போயிருக்கும், இரும்புப் பைப்பைத் தொட்டால் துருவாக உதிரும், சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கி வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பி) எரிந்திருக்கும். மோட்டார் கெட்டால் எனக்கு வருமானம்தான். ஆகவே கீழே எழுதுவதில் பாதி என் பிழைப்புக்கு எதிரானது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

முதலில் மழையைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் பெய்தது, பாம்பனில் மூன்று மணி நேரத்தில் மட்டும் 19 சென்டிமீட்டர். மேகவெடிப்பு என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எங்கள் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையே ஏறக்குறைய 827 மில்லிமீட்டர்தான், அதாவது வருடம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பாதி ஒரே நாளில் கொட்டித் தீர்ந்துவிட்டது. தெருவில் தண்ணீர், வீட்டுக்குள் தண்ணீர், மோட்டார் வைத்து இறைத்து எப்படியாவது கடலில் தள்ளினால் போதும் என்றுதான் எல்லோரும் நின்றோம், அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்? அப்புறம் மாசி பிறந்ததும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் வழக்கம்போலத் தண்ணீர் வண்டி வர ஆரம்பித்தது.

இதற்கு நேர் எதிராக 2016ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையுமே வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. ஒரு வருடம் வானம் திறக்கவே இல்லை, இன்னொரு வருடம் திறந்தால் மூடவில்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி அழகாகத்தான் வரும், அந்தச் சராசரியைக் குடத்தில் பிடிக்க முடியாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்கிறது அறிவியல். அதனால் பெய்யும்போது கொட்டுகிறது, நடுவில் காய்கிற நாட்களும் நீள்கின்றன. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று மாத மழையைப் பிடித்து ஒன்பது மாதம் பிழைக்கிற ஊர் இது. அந்த மூன்று மாத மழையும் நாலைந்து பெருமழையாகச் சுருங்கினால் பிடிக்கிற பாத்திரம் அகலமாக இருந்தால்தான் உண்டு. நாமோ பாத்திரத்தைக் கவனிப்பதே இல்லை.

வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், நல்ல சட்டம், சென்னையில் கிணறுகளில் தண்ணீர் ஏறியதையும் பார்த்தோம். ஆனால் அந்த அமைப்பு என்றாலே மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியாக ஒரு குழிக்குள் விட்டு நிலத்தில் இறக்குவது என்று ஆகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் பாதி இடத்தில் நிலத்தடியில் இருப்பதே உப்புத் தண்ணீர், வானத்திலிருந்து வந்த நல்ல தண்ணீரைக் கொண்டுபோய் அதில் கலந்தால் என்ன மிஞ்சும், இன்னும் கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். மணல் இருக்கிற கடலோரப் பட்டையில் நிலத்தில் இறக்குவது சரி, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். களிமண்ணும் உவரும் இருக்கிற ஊர்களில் தொட்டி கட்டிச் சேர்த்து வைப்பதுதான் வழி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடி மொட்டைமாடி என்றால் 827 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 76,000 லிட்டர் விழும், சிந்தியது சிதறியது போக 60,000 லிட்டராவது கைக்கு வரும். அந்த நவம்பர் 20 அன்று மட்டும் ராமேசுவரத்தில் அந்த அளவு மாடி ஒவ்வொன்றிலும் 38,000 லிட்டர் விழுந்திருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர் என்று தாராளமாக வைத்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு நாளைக்கு 40 லிட்டர், தை முதல் புரட்டாசி வரை ஒன்பது மாதத்துக்குச் சுமார் 11,000 லிட்டர். 10 அடி நீளம், 7 அடி அகலம், 6 அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் ஏறக்குறைய 12,000 லிட்டர் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம். முதல் மழையை மாடி கழுவ விட்டுவிட வேண்டும், தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் போகாமல் மூட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை இறங்கித் தேய்க்க வேண்டும். போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, மோட்டார் இறக்கி, உப்பு ஏறி, பக்கத்திலேயே இரண்டாவது போர் போடுகிற வீடுகள் எனக்கு நிறையத் தெரியும், அந்த இரண்டாவது போரின் காசைத் தொட்டியில் போட்டிருக்கலாம். வீடு கட்ட பிளான் அனுமதி தரும்போது எங்கள் மாவட்டத்துக்கு மட்டுமாவது குழி போதாது, தொட்டி வேண்டும் என்று விதியை மாற்றினால் என்ன? ஓட்டு வீட்டுக்காரர்களுக்கும் குடிசைக்காரர்களுக்கும் பள்ளிக்கூட மாடி, சமுதாயக் கூடத்து மாடி, ரேஷன் கடை மாடி என்று பொதுவில் பெரிய தொட்டியாகக் கட்டலாம்.

இனி மணல். தனுஷ்கோடிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், கடலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மணலைக் கையால் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவார்கள், அது நல்ல தண்ணீர். தங்கச்சிமடத்தில் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது, சுற்றிலும் உப்பு, கிணற்றில் நல்ல தண்ணீர். ராமேசுவரம் கோயிலுக்குள் இருக்கிற 22 தீர்த்தமும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான். இதில் தெய்வம் இருக்கிறதா என்பது அவரவர் நம்பிக்கை, அறிவியலும் இருக்கிறது. மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட லேசு, ஆகவே மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பு விலகி நிற்கும் என்பது பழைய கணக்கு, நூறு வருடத்துக்கு மேலாகப் பொறியாளர்கள் பயன்படுத்துவது. இதைத் திருப்பிப் போட்டால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது: மோட்டார் வைத்து அந்த ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் கீழேயிருந்து உப்பு அந்த 40 மீட்டரையும் பிடித்துக்கொண்டு மேலே வரும். சிரட்டையால் கோரினவரை ஊற்று தலைமுறை தலைமுறையாக இருந்தது, 5 எச்.பி. மோட்டார் வைத்த இடத்தில் சில கோடைகூடத் தாங்கவில்லை. ஒருமுறை உப்பேறிய மணலை மழை கழுவித் திரும்ப நல்லதாக்கப் பல வருடம் பிடிக்கும். இத்தனைக்கும் கடல்மட்டம் வேறு வருடத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறுகிறது, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன.

அதனால் கடலோர மணல்மேட்டை யார் அள்ளினாலும் அது மணல் திருட்டு மட்டும் இல்லை, குடிநீர்த் தொட்டியை உடைப்பது என்று வழக்குப் போட வேண்டும். மணல் பட்டையில் ஆழ்துளை போடுவதற்கு வரம்பு வேண்டும், ஆழம் குறைந்த அகலக் கிணறு வெட்டிச் சின்ன மோட்டாரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம், எடுத்துவிட்டு ஊற விட வேண்டும். பெரிய மோட்டார் கேட்டு வருகிறவரிடம் இதைச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார் என்பது வேறு கதை. ராமேசுவரம் தீவில் தூர்ந்து கிடந்த பழைய தீர்த்தங்கள் பலவற்றை விவேகானந்த கேந்திரம் எடுத்துச் சீராக்கியிருக்கிறது, அந்த மாதிரி வேலை மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி என்று இந்தக் கரை முழுக்கத் தேவைப்படுகிறது.

ஊருணியைப் பற்றி எழுதாவிட்டால் ராமநாதபுரத்துக்காரன் எழுதிய கடிதமே இல்லை. குடிக்கிற ஊருணி தனி, குளிக்கிற ஊருணி தனி, மாடு இறங்குகிற குளம் தனி என்று எங்கள் பாட்டன் காலத்தில் வைத்திருந்தார்கள். குடிக்கிற ஊருணியில் செருப்போடு இறங்கினால் பெரியவர்கள் தோலை உரித்துவிடுவார்கள். எதற்கு எந்தத் தண்ணீர் என்று இன்றைக்குக் கருத்தரங்கு போட்டுப் பேசுவதை ஊர்க்கட்டுப்பாடாகவே வைத்திருந்தார்கள் (அந்தக் கட்டுப்பாட்டில் சாதி பார்த்து ஆளை ஒதுக்கிய அசிங்கமும் இருந்தது, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை). குழாய் வந்ததும் ஊருணியை மறந்தோம். தண்ணீர் வந்து சேர்கிற வரத்துக்காலில் வீடு வந்தது, கரையில் குப்பை வந்தது, உள்ளே சீமைக்கருவேலம் வந்தது. குழாய் உடைந்து பத்து நாள் தண்ணீர் வராதபோதுதான் எல்லோருக்கும் ஊருணி ஞாபகம் வருகிறது, அப்போது போய்ப் பார்த்தால் இறங்குகிற மாதிரியா இருக்கிறது?

தூர்வாருவது என்று கிளம்பினாலும் விவரம் வேண்டும். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசு வேலையை ஆரம்பித்தது, சில ஊரில் நன்றாகவே நடந்தது. ஆனால் ஜேசிபி ஓட்டுகிறவருக்கு எல்லா மண்ணும் ஒன்றுதான். எங்கள் பக்கம் பல ஊருணிக்கு அடியில் ஒரு களிமண் படுகை இருக்கும், அதுதான் மேலே நிற்கிற நல்ல தண்ணீரையும் கீழே கிடக்கிற உவரையும் பிரித்து வைத்திருக்கிறது. ஆழமாக வெட்டினால் நிறையத் தண்ணீர் நிற்கும் என்று அதைக் குத்தி உடைத்துவிட்டால் ஊருணி உப்பாகிவிடும், அப்புறம் எவ்வளவு மழை பெய்தும் பிரயோஜனம் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரியும், ஒப்பந்தக்காரர் அவர்களைக் கேட்பதில்லை. இன்னொன்று வெயில். கோடையில் திறந்து கிடக்கிற தண்ணீர் நாளைக்கு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும், மூன்று மாதத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் யாரும் தொடாமலேயே போய்விடும். ஆகவே குடிக்கிற ஊருணி பரப்புக் குறைந்து, களிமண்ணைத் தொடாத அளவுக்கு ஆழமாக, கரையில் நிழல் மரத்தோடு இருப்பது நல்லது. பரந்து கிடக்கிற கண்மாயைக் குடிநீருக்கு நம்ப முடியாது.

கண்மாய் என்றதும் ஒரு விஷயம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, வைகை கடைசியாக வந்து சேர்கிற ராமநாதபுரம் பெரிய கண்மாயும் இங்கேதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள், ஒன்று நிறைந்தால் மிச்சம் வழிகிற கலுங்கு வழியாக அடுத்தது என்று சங்கிலியாகக் கட்டியது. சங்கிலியில் நடுவில் ஒரு வரத்துக்கால் அடைந்தால் கீழே இருக்கிற ஊருக்கு ஒன்றும் கிடையாது, பெருமழை பெய்தால் மேலே இருக்கிற ஊர் மூழ்கும். சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது கண்ட கண்ட இடத்தில் வெட்டினார்கள், வேரோடு எடுக்காததால் திரும்ப முளைத்துவிட்டது. அந்த மரத்தை எரித்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம், மொத்தமாக ஒழி என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? வரத்துக்கால், மடை, கலுங்கு, இந்த மூன்று இடத்தில் மட்டும் வேரோடு எடுத்து வருடா வருடம் பார்த்துக்கொண்டாலே போதும், அந்த மரத்தையும் கரிமூட்டக்காரரிடமே கொடுக்கலாம்.

குழாய்த் திட்டங்களுக்கு வருகிறேன். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக எங்களுக்கு வருகிற கூட்டுக் குடிநீர்த் திட்டம் 616 கோடி ரூபாயில் கட்டியது, அது இல்லாத ராமநாதபுரத்தை இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் நாங்கள் குழாயின் வால். வழியில் மின்சாரம் போனால், சாலை வேலையில் குழாய் உடைந்தால், மேலே யாராவது வால்வைக் கூடுதலாகத் திருப்பினால் எல்லாம் கடைசியில் எங்கள் குடத்தில் தெரியும். அதைவிட, காவிரியே வறண்டால்? 2016 மாதிரி வருடத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் இல்லாமல் போகும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று நிர்ணயித்திருக்கிறார்கள், வீட்டு வாசலில் குழாயும் நட்டிருக்கிறார்கள், குழாய் நட்டதைக் கணக்கில் எடுக்கிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், மாயனூரிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய். வெள்ளக் காலத்து உபரியைத்தான் தரும். மேட்டூர் நிரம்பி உபரி வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில், எங்கள் கண்மாய்கள் காய்ந்து கிடக்கிற நேரம், நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் கண்மாயை விளிம்பு வரை நிரப்பி வைத்துவிட்டு ஐப்பசியில் 20 சென்டிமீட்டர் ஒரே நாளில் கொட்டினால் கரை நிற்குமா? எந்தக் கண்மாயை எவ்வளவு நிரப்புவது, எதை மழைக்குக் காலியாக வைப்பது என்று இப்போதே யோசிக்க வேண்டும். கால்வாய் வெட்டுகிறவர்களும் கண்மாயைப் பார்க்கிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆள் அனுப்பிப் பார்த்தவர்கள் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள், 1895இல் முல்லைப்பெரியாறு அணை வந்தது, 1959இல் வைகை அணை வந்தது, இத்தனைக்குப் பிறகும் கடைமடை கடைமடையாகத்தான் இருக்கிறது.

கடல் தண்ணீரைக் குடிநீராக்குவது எங்களுக்குப் புதிது இல்லை. கடலாடிப் பக்கம் நரிப்பையூரில் 1990களின் கடைசியிலேயே நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் கொள்ளளவில் நிலையம் கட்டினார்கள், சென்னையில் மீஞ்சூர் நிலையம் வருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே. அது ஏன் நின்றுபோனது என்று மோட்டார்க்காரனுக்குக் கேட்காமலே புரியும்: உப்புக் காற்றில் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் வருடா வருடம் காசு கேட்கும், கட்டுகிற காசை ஒதுக்குகிறவர்கள் பராமரிப்புக் காசை ஒதுக்குவதில்லை. 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேறு. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிற மாவட்டத்தில் மின்சாரத்துக்கு வழி கண்டுபிடிக்கலாம், மிஞ்சுகிற இரட்டிப்பு உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? பவளப்பாறை இருக்கிற தேசியப் பூங்காவுக்குள்ளா, மீன்பிடிக்கிற கரையிலா? ஆகவே இதைக் கடைசிக் கையிருப்பாக வைக்கலாம், அதுவும் அதிகத் தண்ணீர் குடிக்கிற ஆட்களுக்கு.

யார் அந்த ஆட்கள் என்பதை யாரும் வெளியே பேசுவதில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் திரும்ப வந்த பிறகு ராமேசுவரத்துக்கு இன்னும் கூட்டம், சந்தோஷம், எங்கள் மக்களுக்கு வியாபாரம். ஆனால் லாட்ஜில் இரண்டு வேளை ஷவரில் குளிக்கிற தண்ணீர் எந்த மணலிலிருந்து வருகிறது? விசைப்படகு கடலுக்குப் போகும்போது ஐஸ் ஏற்றாமல் போக முடியாது, ஐஸ் கம்பெனிக்கு நல்ல தண்ணீர் வேண்டும், அதை நிறுத்தச் சொன்னால் மீனவர் வயிற்றில் அடிக்கிற மாதிரி. கேன் தண்ணீர் கம்பெனிகள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்காக இன்னும் அதிகமாக உப்புக் கழிவைப் பக்கத்துக் காலி மனையில் விடுகின்றன, அது இறங்கி அடுத்த வீட்டுக் கிணற்றைக் கெடுக்கிறது. தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளும் அப்படித்தான். 1996இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது, 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டமே வந்தது, சட்டம் வந்த பிறகும் கரையில் கசிகிற உப்பை யார் போய் அளக்கிறார்கள்? இவர்கள் யாரையும் மூடச் சொல்லவில்லை. மீட்டர் வைக்கச் சொல்கிறேன். லாட்ஜுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் கடல் தண்ணீரைச் சுத்திகரித்து விலைக்குக் கொடுங்கள், அதிலேயே நிலையத்தைப் பராமரிக்கலாம். குளித்த தண்ணீரைத் திரும்பக் கழிப்பறைக்கு விடாத பெரிய லாட்ஜுக்கு உரிமம் புதுப்பிக்காதீர்கள்.

விலை பற்றி ஒரு வரி. எங்கள் தெருவில் தண்ணீர் வண்டியில் ஒரு குடம் 10 ரூபாய், குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 1000 லிட்டர் 660 ரூபாய்க்கு மேல் வருகிறது. குடம் வாங்குகிறவர் தினக்கூலிக்காரர். மீட்டர் வைத்தால் ஏழை பாதிக்கப்படுவார் என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

விவசாயத்தில் எங்கள் ஆட்கள் சிக்கனக்காரர்கள்தான், புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர்களிடம் என்ன சிக்கனம் கேட்பது. 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, குறைந்த தண்ணீரில் வருகிற பயிர், அதற்குச் சரியான விலையும் குளிர்பதனக் கிடங்கும் கிடைத்தால் மேட்டு நிலத்தில் நெல் குறையும். நெல் போட்டே தீர வேண்டும் என்கிறவர்களுக்குப் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா 4 மாதிரிக் குறுகிய கால ரகம் இருக்கிறது. நடுவில் மழை நின்றால் ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் கொடுக்கப் பண்ணைக்குட்டை இருந்தால் பயிர் தப்பும். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்கள் மணல் குழியில் ஊறுவதை எடுத்துக் குடத்தால் ஊற்றியே ஊர் ஊராக நாற்று அனுப்புகிறார்கள், தண்ணீர் மேலாண்மைக்கு வெளிநாடு போய்ப் படிக்கிற அதிகாரிகள் வழியில் அங்கேயும் இறங்கிப் பார்க்கலாம்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். மேட்டூர், முல்லைப்பெரியாறு, வைகை என்று அணை நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள், வைகையின் 71 அடியில் இன்றைக்கு எத்தனை என்று எங்கள் ஊர் டீக்கடையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே கட்டத்தில் எங்கள் மாவட்டப் பதிப்பில் மட்டும் இன்னும் நாலு வரி சேருங்கள்: ராமநாதபுரம் பெரிய கண்மாயில் எவ்வளவு, ராஜசிங்கமங்கலத்தில் எவ்வளவு, இந்த வாரம் எந்த ஊருக்குக் காவிரிக் குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, கடலோரத்தில் குறிப்பிட்ட பத்துக் கிணறுகளில் உப்பு எவ்வளவு. உப்பு அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், பள்ளிப் பிள்ளைகளே அளப்பார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது அரசு வைத்த அளவு, எந்தக் கிணறு எப்போது அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பத்திரிகையில் வந்தால் தாண்டுவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்தலாம்.

என் கடையில் ஒரு மீட்டர் இருக்கிறது. யார் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாலும் காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறேன், தெருவையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறேன். உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் அந்த நோட்டைத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது.

இப்படிக்கு,
மோட்டார் கடைக்கார வாசகர்,
மண்டபம் பகுதி, ராமநாதபுரம் மாவட்டம்.